பூதத்தானின் குரல்

பத்தமடையில் ஆட்டோ ஓட்டிய பூதத்தான் போன ஆடியில் இறந்துபோனார். பேத்தியைக் கொஞ்சி அவர் செல்போனில் பேசிப் பதிவுசெய்து வைத்ததெல்லாம் கிளவுடில் பத்திரமாய் இருப்பதாக மனைவி முத்துராணி நம்பியிருந்தாள். குலசாமி பெயரும் ஆட்டோ நம்பரும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. சாமி பெயர் இருந்தால் சாமியே காவல் என்பது அவர் எண்ணம். ஆனால் அவை இரண்டும் ஆட்டோவின் முகப்பிலேயே பெரிதாக எழுதப்பட்டிருந்தன. எவனோ உள்ளே புகுந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டான்.

"மீட்க முடியலக்கா," என்றான் செல்போன் கடை மணிராஜ். "எல்லாம் அங்கனதான் கெடக்கு. நமக்குத்தான் தொறக்காது."

"எடுத்தவன் அவுக பேச்சக் கேப்பானா தம்பி?"

"அவனுக்கு எதுக்குக்கா அது? பேங்க் வெவரம் இருக்கான்னு தேடிருப்பான்."



"அவனாவது கேட்டா நல்லாருக்கும்," என்று சொல்லிவிட்டு முத்துராணி மெதுவாக எழுந்தாள்.