நோலீன் எழுதிய லாப்ரடார்கள்

நோலீன் பிராட்காட் ஓய்வு பெறுகிறாளாம். எங்கள் ஊர் வால்கூராவின் கவுன்சில் அலுவலக முன்கவுண்டரில் நாற்பத்தைந்து வருஷம் உட்கார்ந்ததற்காக அவளுக்கு நினைவுப் புத்தகம் போடுகிறார்களாம். பள்ளித் தோழி என்ற முறையில் நானும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. அவளுடைய நல்ல மனசைக் காட்டும் சம்பவம் ஏதாவது இருந்தால் சிறப்பு என்றும் கேட்டிருந்தார்கள். இருக்கிறது. அதை அங்கே படித்தால் ஒருவருக்கும் கேக் தொண்டையில் இறங்காது. ஆகவே எழுதுகிறேன், ஆனால் அனுப்பப்போவதில்லை.

முதலில் அவள் பொய்க்காரி. இன்று நேற்று அல்ல, ஒன்பது வயதிலிருந்தே. ஒரு சனிக்கிழமை எங்கள் பண்ணைக்கு விளையாட வந்தாள். எங்கள் மாடு மேய்க்கும் நாய் ரஸ்டி அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் மனிதரைக் கடித்த நாய்க்கு அன்று மாலையே துப்பாக்கிதான்; அப்பாவிடம் மறுபேச்சுப் பேச முடியாது. ரத்தம் சாக்ஸில் வழிய நோலீன் என் அம்மாவிடம் போய், "முள்கம்பி கிழிச்சிடுச்சு ஆன்ட்டி" என்றாள். ஏழு தையல். ரஸ்டி பிறகு பத்து வருஷம் உயிரோடு இருந்தது. நோலீனுக்கு அன்று முதல் நாய் என்றாலே நடுக்கம். தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் கவுன்சில் நாய்ப் பதிவுக்கு உட்கார வைத்தது. பிறப்பு, இறப்பு, வீட்டு வரி, குப்பைத் தொட்டி என்று எல்லாம் அந்தக் கவுண்டர்தான் என்றாலும், ஏப்ரல் மாதம் வந்தால் நாய்க்காரர்கள் வரிசைதான் வாசல் வரை நிற்கும். கவுண்டரில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய ஜெல்லிப் பாம்பு மிட்டாய் வைத்திருப்பாள். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள், யாருக்கும் இல்லை என்று சொல்லவும் மாட்டாள். எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு. புருஷன் மெர்வ் குயின்ஸ்லாந்துக்கு ஓடிப்போனபோது அவனுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்ததே அவள்தான். இப்படிப்பட்டவர்களை ஊர் நல்லவர் என்று சொல்லும். நான் முதுகெலும்பு இல்லாதவர் என்று சொல்வேன்.

பதிவுத் தாளில் "இனம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில்தான் அவள் கைவேலை. தலை பெருத்து, நெஞ்சு அகன்று, புலிக்கோடு போட்ட நாயை ஒருவன் இழுத்துக்கொண்டு வருவான். நோலீன் நாயைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்து, "லாப்ரடார் கலப்பு" என்று எழுதுவாள். சண்டைக்கென்று வளர்த்த பிட்புல் ஜாதி என்று எழுதினால் வாடகைக்கு வீடு கிடைக்காது. அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். எதற்கு வம்பு? இப்படி எழுதி எழுதி, சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில் கட்டியிருக்கும் நாய்களில் பாதி லாப்ரடார் ஆகிவிட்டது. "இது என்ன ஜாதிப்பா?" என்று வெளியூர்க்காரர் கேட்டால், "நோலீன் ஜாதி" என்று சொல்லிச் சிரிப்போம். என் எதிர்வீட்டு நீல்ஸின் நாய் மேஜரும் நோலீன் ஜாதிதான்.

என் நாய் பட்டனும்தான். நான் பால் லாரி ஓட்டினேன். ஒரு பண்ணைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது அதை என் இருக்கையில் தூக்கிப் போட்டு, "பாதி பிட்புல், மீதி என்னன்னு அதுக்கே தெரியாது" என்றார். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடங்கியிருக்கும். லாரியின் ஹாரன் சத்தத்துக்கே என் மடியில் ஏறும் பயந்தாங்கொள்ளி. கவுண்டரில் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பாதி பிட்புல்லுன்னு போட்டுக்கோடி."

"உனக்கென்ன கிறுக்கா கிளெனிஸ்? வாடகை வீட்ல இருக்கே. நாளைக்கே வீட்டுக்காரன் உன்ன வெளிய தள்ளுவான்."

"இருக்கறததானே எழுதணும்?"

"இருக்கறத எழுதி யாரு நல்லாருந்தா? லாப்ரடார். இந்தா, பாம்பு எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். அதையும் மறைக்கவில்லை.

பிறகு ஒரு வருஷம் சட்டம் வந்தது. நகரத்தில் நாய் கடித்து ஒரு குழந்தை செத்துப்போயிருந்தது. அந்தத் தாயின் முகத்தை டிவியில் பார்த்த யாரும் அவளுக்கு எதிராக வாய் திறக்க முடியாது, நானும் திறக்கவில்லை. ஆனால் கடித்த நாயை விட்டுவிட்டு முகஜாடையைப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள், அதைத்தான் இன்றைக்கும் சபிக்கிறேன். பிட்புல் சாயல் உள்ள நாய் இருந்தால் செப்டம்பர் முடிவதற்குள் அப்படியே பதிய வேண்டும். பதிந்தால் கூண்டு, வாய்ப்பூட்டு, வாசலில் எச்சரிக்கைப் பலகை, ஆனால் உயிர் தப்பும். பதியாமல் பிறகு அகப்பட்டால் ஊசிதான்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் கவுண்டருக்குப் போனேன்.

"நோலீன், மாத்தி எழுதிடலாமாடி? கூண்டு நானே அடிச்சுக்கறேன்."

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பேசாம வீட்டுக்குப் போ. நீயா போயி தலையக் குடுக்காத. பேப்பர்ல லாப்ரடார்னு இருக்கு, எவன் வந்து கேப்பான்? பேப்பர்தாண்டி எல்லாம்."

நம்பினேன். முப்பத்தைந்து வருஷமாகக் காகிதத்தோடு வாழ்பவள் சொல்கிறாளே என்று நம்பினேன்.

நவம்பரில் பின்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் புகார் கொடுத்தார். பட்டன் வேலிமேல் கால் வைத்து அவருடைய கோழிகளைப் பார்த்து வாலாட்டியதாம். வாலாட்டியது என்றா எழுதுவார்கள்? "மிரட்டியது" என்று எழுதியிருந்தார். கவுன்சிலின் நாய் அதிகாரி பிரெண்டன் வந்தான். எனக்கு மகன் வயது. கையில் தையற்காரர் டேப், அக்குளில் படம் போட்ட ஒரு கையேடு. என் சமையலறைத் தரையில் மண்டியிட்டுப் பட்டனின் மண்டையை அளந்தான், மூக்கை அளந்தான், வால் முட்டி வரை வருகிறதா என்று பார்த்தான். அந்தக் கழுதை அவன் டேப்பை நக்கிக்கொண்டிருந்தது.

"கன்னத்துச் சதை... ஆமா. மூக்கு நீளம்... ஆமா," என்று கையேட்டில் டிக் போட்டான்.

"காது ஒண்ணு மடங்கியிருக்கேப்பா. அது எந்தப் படத்துல இருக்கு?"

"பொருந்தறதத்தான் பாக்கணும் கிளெனிஸ். பொருந்தாததுக்கு இதுல கட்டம் இல்ல."

"லாப்ரடார்னு பதிஞ்சிருக்கு, பேப்பரப் பாரு."

"லாப்ரடார என்கிட்ட காட்டாதீங்க. இந்த ஊர்ல எல்லாமே லாப்ரடார்."

பட்டன் அவன் வண்டியில் தானாகவே ஏறியது. வண்டி என்றால் அதற்கு என் பால் லாரிதான் ஞாபகம்.

ஏழு மாதம் கவுன்சில் அடைப்பில் வைத்திருந்தார்கள். பார்க்க விடவில்லை. வழக்கு மெல்போர்ன் தீர்ப்பாயத்துக்குப் போனது. இலவசமாக வாதாட வந்த வக்கீலம்மா ஒரே ஒரு வழி சொன்னார்கள்: "நீங்க ஆரம்பத்துலயே உண்மைய சொல்லி, கவுண்டர்ல இருந்தவங்க மாத்தி எழுதியிருந்தா, அது கவுன்சில் தப்பு. நாய் செப்டம்பருக்கு முன்னாடியே பதிஞ்ச மாதிரின்னு வாதாடலாம். கூண்டோட வீட்டுக்கு வரும். ஆனா அவங்க வாயால வரணும்."

பேக்கரி வாசலில் நோலீனைப் பிடித்தேன். அவள் கையில் சூடான கறி பஃப். நான் சொல்லி முடிக்கும்வரை அதைக் கடிக்கவே இல்லை.

"நடந்தத சொன்னாப் போதுண்டி. வேற ஒண்ணும் கேக்கல. வேலை போயிடும்னு பயமா?"

"வேலையா?" என்றாள். பிறகு, "பாக்கறேன் கிளெனிஸ்," என்றாள்.

பார்த்தாள். தீர்ப்பாயத்தில் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே, "என்ன இனம்னு அவங்க சொன்னததான் எழுதினேன்" என்றாள். குரல்கூட நடுங்கவில்லை. முள்கம்பி என்று சொன்னபோதும் நடுங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பட்டனுக்கு ஊசி போட்டார்கள். கழுத்துப்பட்டையை வாங்கிக்கொள்ள அழைப்பு வந்தது. எங்கே? அதே கவுண்டரில். நோலீன் ஓர் உறையைத் தள்ளி, "இங்க கையெழுத்துப் போடு" என்றாள். ஜாடி அங்கேயே இருந்தது. அதைத் தட்டிவிட்டேன். ஜெல்லிப் பாம்புகள் தரையெல்லாம் கிடந்தன. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"ஏண்டி? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியபடியே மெதுவாகச் சொன்னாள். "முப்பத்தெட்டு."

"என்ன முப்பத்தெட்டு?"

"நான் எழுதின லாப்ரடார். ஒண்ண ஒத்துக்கிட்டா அந்தப் பையன் ரெஜிஸ்டரைத் தூக்கிட்டு வீடு வீடாப் போவான். அவங்க யாரும் என்கிட்ட உண்மைய சொல்லல. நீ ஒருத்திதான் சொன்னே. உன்னுது தப்பிக்கும், மிச்சம் அத்தனையும் போகும்."

"அதுக்கு என் நாயக் குடுத்தியா? உன் நாய் இருந்தாக் குடு. என்னுதக் குடுக்க நீ யாருடி?"

அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை. விரலில் ரத்தம் வந்திருந்தது. துடைக்கக்கூட இல்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு உறையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து பிரெண்டன் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான்.

"வக்கீல் போட்ட மனுவப் படிச்சேன். கவுண்டர்ல மாத்தி எழுதினாங்கன்னு இருக்கு. நீங்க எழுத்துல குடுத்தா விசாரணை வெப்பாங்க. நோலீன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடுவாங்க. பென்ஷன் இல்லாம நல்லா அனுபவிக்கட்டும்."

"பட்டன் வருமா?"

"வராது. ஆனா நியாயம் கிடைக்கும்ல?"

எனக்கு வேண்டியதும் அதுதான். அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவு வழியாக வெளியே வருவதை நான் எதிரே நின்று பார்க்க வேண்டும். மூன்று வாரமாகத் தூங்காமல் கிடந்து அதைத்தான் நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவைக்கூட அவனே எடுத்து நீட்டினான்.

"அப்புறம் ரெஜிஸ்டர்ல இருக்கற மத்த லாப்ரடார்?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் அளப்பேன்," என்றான். "அதுதானே என் வேலை."

எதிர்ப்புறப் புல்தரையில் மேஜர் மல்லாந்து கிடந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நீல்ஸ் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, குனிய முடியாத முதுகோடு, கால் விரலாலேயே அதன் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்து எனக்குக் கையசைத்தார்.

"லாப்ரடார்னு நான்தான் சொன்னேன்," என்றேன்.

பிரெண்டன் என்னையே பார்த்தான். "மனுவுல அப்படி இல்லையே."

"நாயக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொன்னேன். நோலீன் நான் சொன்னததான் எழுதினா. எழுதிக்கோ."

எழுதினான். படித்துக் காட்டினான். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த முப்பத்தெட்டில் கடைசியாக இருந்தது மேஜர்தான். போன குளிர்காலத்தில் வயதாகி, நீல்ஸின் காலடியில் படுத்தபடியே போய்விட்டது. ஒன்றுகூட யாரையும் கடிக்கவில்லை. நோலீனுக்கு இந்த வெள்ளிக்கிழமை விருந்து. நான் போக மாட்டேன். பேக்கரியில் எனக்காக அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பத்து வருஷம் ஆகிவிட்டது. நாயைக் கொடுத்ததைக்கூட சில நாள் மன்னித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பட்டனைக் கொன்ற அந்தப் பொய்யின் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதைப் போட வைத்தாளே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.