பச்சைக் கீறலைத் தேய்க்க மறுத்தவர்

நசுங்கிய கதவு ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேச்சிமுத்து அண்ணாச்சியின் மகள். “அப்பா தவறிட்டாவ மாமா” என்றாள். காலையில் மூச்சு இழுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் பெயிண்ட் அடித்தவர்; அந்தப் புகை அவர் நெஞ்சைத் தின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். சுத்தியலைக் கீழே வைத்தேன். எதற்கென்று தெரியாமல் மறுபடி எடுத்தேன்.

குத்துக்கல்வலசையில் எங்கள் பட்டறைக்கு வண்டி கொண்டுவந்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். தகர வேலை எனக்கு, பெயிண்ட் அவருக்கு. பழைய கார்களில் சின்னக் கீறல்களுக்கு டச்சப் செய்வதில்தான் அவர் பேர் எடுத்தார். கம்பெனியின் கலர் நம்பரைச் சொல்லிக் கடையில் வாங்கிய பெயிண்டை அப்படியே பூசினால், வெளுத்த வண்டியில் அது ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரியும். அவர் பெட்ரோல் மூடியைத் திறந்து வெயில் படாத நிறத்தைப் பார்ப்பார். பிறகு வெயில் வெளுத்த வண்டிக் கூரையைப் பார்ப்பார். துளித்துளியாகக் கலந்து தகரத்துண்டில் பூசி, காய்ந்தபின் வண்டியோடு சேர்த்துப் பிடிப்பார். “கம்பெனி குடுத்த கலரு நம்பர்ல இருக்கும். வெயிலு குடுத்த கலரு வண்டியிலதான் இருக்கும்” என்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு சாரல் காலத்தில், வெளுத்த சந்தன நிறக் கார் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் ஊரில் செல்வாக்குள்ளவர். முன்பக்கம் இடது ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். வீட்டு கேட்டில் உரசிவிட்டது, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். அண்ணாச்சி ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குனிந்தபடியே இருந்தார். நானும் குனிந்தேன். கீறலுக்குள் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. இரண்டு நாளுக்கு முன்தான் பழைய குற்றாலம் சாலையில் சைக்கிளில் போன ஒருவரை ஏதோ கார் அடித்துப்போட்டு நிற்காமல் போயிருந்தது. வாசுதேவநல்லூர்க்காரர், குற்றாலம் சீசனுக்குக் கடை வேலைக்கு வந்தவர்; அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பச்சை சைக்கிள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

நமக்கு எதற்கு, அடித்துக் கொடுத்துவிடுவோம் என்று அவர் காதில் சொன்னேன். அவர் தேய்க்கும் தாளைக் கீழே வைத்தார்.

“இதத் தேச்சா அந்த ஆளயும் சேத்துத் தேச்ச மாதிரிலே.”

வண்டிக்காரரிடம் முடியாது என்றார். வந்தவர் காரை எடுத்துக்கொண்டு போனார். அண்ணாச்சி நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். போலீஸ் தேடிப் போனபோது கார் வேறெங்கோ புதுப் பெயிண்டோடு நின்றது. சாட்சிக்கு மிச்சம் இருந்தது எங்கள் இரண்டு பேர் கண்கள்தான்.

என் வீடு அந்தச் செல்வாக்குள்ளவரின் தெருவில். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, கீறலை நான் கவனிக்கவில்லை என்றேன். அண்ணாச்சி சொன்னது தனியாக நின்றது. வழக்கு தள்ளுபடியானது. அந்தக் கார்க்காரரின் குடும்பத்துக்கு வேண்டியவர்களின் வண்டிகள் அதோடு எங்கள் பக்கம் வரவில்லை. நான் சாட்சி சொன்ன மறுநாள் காலையில் அண்ணாச்சி வழக்கம்போல் பட்டறைக்கு வந்தார். என்ன கேட்பாரோ என்று காத்திருந்தேன். டீ சொல்லச் சொன்னார், அவ்வளவுதான்.

போன மாதம் அவர் கட்டிலருகே உட்கார்ந்து அந்தப் பேச்சை எடுத்தேன். கையை அசைத்து நிறுத்தினார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “நீ பாத்தது எனக்குத் தெரியும்லே. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?”

அண்ணாச்சியின் அடக்கத்தன்று, சைக்கிளில் போய்ச் செத்த அந்த மனிதரின் மனைவி வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்தாள். நான் யாரென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அருகில் வந்து கேட்டாள்: “அன்னைக்கு அந்தக் காரு வந்தப்ப நீங்களும் அங்கன இருந்தீயளா?”

“இருந்தேன். பச்சையப் பாத்தேன். கோர்ட்டுல பொய் சொல்லிட்டேன்.”

என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

அவருடைய கலக்கும் டப்பாக்களையும் தகரத்துண்டுகளையும் மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் இருப்பது, அவர் ஒரு நாளும் என்னைக் கோபித்துக்கொள்ளாத அந்த ஒன்பது வருஷம்.