மெழுகுவர்த்தியில் சுருண்ட இதழ்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாத முகூர்த்த நேரம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடையில் ஜாக்கெட் தைத்துத் தைத்து எனக்கு இடுப்பு ஒடிந்து கொண்டிருந்தது. வெட்டிய துணிகளின் மிச்சம் மேசைக்கடியில் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. குப்பையில் போட மனம் வராமல், போனில் வீடியோ பார்த்துத் துணிப்பூ செய்யக் கற்றுக்கொண்டேன். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் என்றால் முதுகுக் கயிற்றில் இரண்டு பூ வைத்துவிடுவேன்.

துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தை மெழுகுவர்த்தித் தீயில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாமல் இதழ் மாதிரி சுருளும். சாட்டின் துணி சொன்ன பேச்சைக் கேட்டது. பட்டுதான் படுத்தியது. சுருளவே இல்லை, முடி பொசுங்கிய நாற்றம் அடித்து, தொட்டால் சாம்பலாக உதிர்ந்தது. ஏன் இப்படி என்று மண்டையைக் குடைந்தது. தறி நெய்யும் வீட்டிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர்தான் விளக்கினார்: அசல் பட்டு அப்படித்தான் எரியும், உருகிச் சுருண்டால் அது பாலியஸ்டர். அன்றிலிருந்து எனக்கு ஒரே பைத்தியம். கையில் கிடைத்த துண்டையெல்லாம் கொளுத்திப் பார்த்தேன்.

அப்போதுதான் மாகறலிலிருந்து ஓர் அம்மா, மகளின் முகூர்த்தப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்தார். நாற்று நடும் வேலைக்குப் போகிறவர். "நேரா தறிக்காரன் கிட்டயே வாங்கினேம்மா, அசல் பட்டு. பாத்து வெட்டு" என்று சொன்னபோது அவர் முகத்திலிருந்த பெருமை எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஜாக்கெட்டை வெட்டி முடித்து, மிச்சத்தில் ஒரு துண்டைத் தீயில் காட்டினேன். அழகாகச் சுருண்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு துண்டைக் காட்டினேன், அதுவும் சுருண்டது. தறிக்காரன் என்று சொல்லிக்கொண்டு எவனோ அந்த அம்மாவை ஏமாற்றியிருக்கிறான். ஆத்திரமாக வந்தது. பொய் சொல்வானேன், கண்டுபிடித்துவிட்டோமே என்று உள்ளுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க மகள் முதலில் வந்தாள். அம்மா எதிர்க்கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் ஒரு துண்டைக் கொளுத்திக் காட்டினேன். அவள் அதிர்ச்சியே அடையவில்லை.

"தொட்டப்பவே தெரிஞ்சிபோச்சிக்கா. நான் ஜவுளிக் கடையிலதான வேலை செய்றேன். பில்லும் இல்ல, வித்தவன் யாருன்னும் தெரியல. அம்மா ஊரு பூரா பட்டு பட்டுன்னு சொல்லிக்கினு கீது. சொல்லிடாதீங்கக்கா, அது மனசு ஒடிஞ்சி பூடும்."

நான் பதில் யோசிப்பதற்குள் அம்மா உள்ளே வந்துவிட்டார். சுருண்ட இதழைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பட்டு இப்டிகூட சுருளுமா?" என்று கேட்டார்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாயோ ஓட்டை வாய், வீட்டில் எல்லோரும் சொல்வது. அன்றைக்கு அது எப்படி அடங்கியதோ தெரியவில்லை.

"நல்ல பட்டுன்னா சுருளும்மா" என்றேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே இதழை மகளின் தலையில் வைத்து அழகு பார்த்தார். நான் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன்.

நான் சொன்னது பொய்தான். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் எதையாவது கண்டுபிடித்துவிட்டால், அதை அவர்களுக்காகச் சொல்லப் போகிறேனா, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டச் சொல்லப் போகிறேனா என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் நான் வாயைத் திறப்பதில்லை.