மூலை வந்தால் மெல்ல

கொழும்பில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு கொம்பியூட்டர் மில்லிங் மெசின் இருந்தது. ஓட்டை போட்ட காகித நாடாவை அதற்குள் விட்டால் இரும்பைத் தானாகவே செதுக்கும். எண்பத்து மூன்று கலவரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது அதைக் கொண்டுவர வசதிப்படவில்லை. ஆனாலும் சுன்னாகத்தில் என்னை வேலைக்கு எடுத்த பட்டறைக்காரர்கள் வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள்: ‘கொம்பியூட்டர் முறையில் இரும்பு வேலை.’ அந்தக் கொம்பியூட்டர் நான்தான்.

பட்டறை மச்சான்மார் இருவருடையது. மூத்தவரின் தங்கையை இளையவர் கட்டியிருந்தார். பழைய மில்லிங் மெசின் ஒன்றைப் பாதிக்குப் பாதி போட்டு வாங்கியிருந்தார்கள். அதன் மேசையை இடம் வலமாக நகர்த்த ஒரு கைப்பிடி, முன்பின்னாக நகர்த்த இன்னொன்று. முதலாவது மூத்தவருடையது, மற்றது இளையவருடையது. சம்பளக்காரன் தொடக்கூடாது. நான் பக்கத்தில் நின்று சொல்லலாம், எண்ணெய் ஊற்றலாம்.

சண்டையால் மின்சாரம் இல்லாமற்போன பிறகும் மண்ணெண்ணெய் எஞ்சினில் பெல்ட் மாட்டி வேலை நடந்தது. நின்றது பேச்சுத்தான். மூத்தவரின் மகளுடைய கலியாணத்தில் இளையவரை இரண்டாம் பந்தியில் இருத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நாளும் வேலைக்கு வராமல் விட்டதுமில்லை. வராவிட்டால் மற்றவர் தன் பிடியையும் சேர்த்துச் சுழற்றிவிடுவாரே!

அந்த நாட்களில் புத்தூரிலிருந்து ஒரு தோட்டக்காரர் இறைப்பு மெசினின் உடைந்த மூடியைக் கொண்டுவந்தார். புது மூடி வாங்க வழியில்லை. இரும்புத் தகட்டில் சதுரமாக ஒரு பள்ளம் தோண்டவேண்டும். நான்கு மூலையும் வளைவாக இருக்கவேண்டும்.

“வெங்காயம் வாடுது தம்பி,” என்று வாசலிலேயே குந்திவிட்டார்.

நேரான பக்கத்தில் சிக்கலில்லை. ஒருவர் சுழற்றுவார், மற்றவர் கூரையைப் பார்ப்பார். மூலையில்தான் விஷயம். அங்கே வெட்டும் கத்தி இரண்டு சுவர்களையும் ஒரே நேரத்தில் கடிக்கும். வந்த வேகத்திலேயே போனால் இறுகி முறியும். கொழும்பு மெசினுக்கென்றால், மூலைக்கு முன்னரே வேகத்தைக் குறைக்கும்படி நாடாவில் ஓட்டை போட்டுவிடுவோம். அதற்கு மாமன் மச்சான் இல்லை, சொன்னால் கேட்கும். இங்கே ஒருவர் மெல்ல மெல்ல நிறுத்த, மற்றவர் மெல்ல மெல்லத் தொடங்கவேண்டும்.

“மூலை வருது, மெல்ல!” என்றேன்.

“தம்பி, உது உவருக்குச் சொன்னது,” என்றார் மூத்தவர், வேகத்தைக் குறைக்காமல்.

“மரியாதை தெரியாத ஆக்கள்தான் முதல் குறைக்கோணும்,” என்றார் இளையவர், எஞ்சினைப் பார்த்து.

கத்தி முறிந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

ஆளைச் சொன்னால்தானே வம்பு என்று, இடம் வலப் பிடிக்கு ‘எக்ஸ்’ என்றும் மற்றதற்கு ‘வை’ என்றும் கொழும்பு முறைப்படி பெயர் வைத்தேன். இளையவர் கொஞ்சம் யோசித்தார்.

“இங்கிலீசிலை எக்ஸ்தானே முதல் வாறது?”

“ஓம் அண்ணை.”

“அப்ப இங்கையும் எனக்கு ரெண்டாம் பந்தி!”

கடைசியில், பிடிகள் அப்படியே இருக்க, பெயரை மட்டும் மாற்றி, முதல் இரண்டு மூலைக்கு மூத்தவர் எக்ஸ், அடுத்த இரண்டுக்கும் இளையவர் எக்ஸ் என்று சமாதானமானது. நான் எழுத்தைச் சொல்லச் சொல்ல மூன்று மூலைகள் அழகாகத் திரும்பின. நான்காவதில் எனக்கே யார் எக்ஸ் என்பது குழம்பிவிட்டது. வாயைத் திறந்தேன், எழுத்து வரவில்லை. கத்தி கீச்சிட்டது.

“மச்சான், மெல்லடா! கத்தி போகப்போகுது!” என்று கத்தினார் மூத்தவர்.

“நீ கையை விடு மச்சான், நான் எடுக்கிறன்!”

கத்தி வளைந்து திரும்பியது. எஞ்சினை நிறுத்தினேன். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“நான் தம்பிக்குத்தான் சொன்னனான்,” என்றார் மூத்தவர்.

“நானும் தம்பியோடைதான் கதைச்சனான்,” என்றார் இளையவர்.

அதுவரை என்னை யாரும் அங்கே மச்சான் என்று அழைத்ததில்லை. மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். தோட்டக்காரர் சூடு ஆறுமுன்னே மூடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அதன் பிறகு மூலை வரும்போது மட்டும் இருவரும் கதைத்தார்கள். நேரான பக்கத்தில் பழையபடி மௌனம். பின்னர் சண்டிலிப்பாயிலிருந்து வட்டமான வேலை ஒன்று வந்தது. வட்டத்தில் இரண்டு பிடியும் ஓயாமல் சுழலவேண்டும். முதலில் கத்தியைப் பற்றிக் கதைத்தார்கள், பிறகு மழையைப் பற்றி, பிறகு அந்தக் கலியாணமான மகளுக்கு எத்தனை மாதம் என்பது வரை போய்விட்டார்கள். எஞ்சினை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெய்தான் முடிந்துவிட்டது.