வேலிக்கு மேலே ஓர் ஏற்றுமதித் தடை

அமெரிக்க ஜனாதிபதி ஒருவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் பேச்சே வராது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மனிதர் பட்ட பாட்டை நானும் மூன்று வாரம் பட்டேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சென்னைப் பெண் இருக்கிறாள். பகலில் நான் கூச்சமில்லாமல் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். எங்கள் வேலிக்கு மேலால் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி போய்வரும். என் கத்தரிக்காய்க் குழம்பும் கறிவேப்பிலையும் போகும். அவளுடைய இட்லி வரும். பெட்டியை இருவரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இருக்கும்.

ஒரு நாள் பெட்டி வெறுமையாக வந்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று வந்தது. குழம்பு பிடிக்கவில்லை போலும் என்று மனம் சுருங்கிவிட்டது. கேட்கவும் கூச்சம். எல்லாவற்றையும் நிறுத்தினேன். கறிவேப்பிலை இல்லாமல் அவளே வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. எனக்குப் பேச ஆளில்லாமல் போனதுதான் மிச்சம்.

அப்போது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பேச்சு வந்தது. குசினியில் அடுப்புப் பக்கமாக என்னையும் கணவரையும் கதிரையில் இருத்திப் பேசிப் பழகினாள்.

"இங்கிலாந்தும் பிரான்சும் சண்டை, அம்மா. ரெண்டு பேரும் அமெரிக்கக் கப்பலைப் பிடிக்கினம். மூன்றாவது பிரசிடென்ட்டுக்குச் சண்டைக்குப் போக விருப்பமில்லை. எங்கட கப்பல் ஒண்டும் வெளியில போகாது எண்டு போர்ட் எல்லாத்தையும் குளோஸ் பண்ணிட்டார்."

"சரியான வேலை," என்றேன். "சாமான் இல்லாமல் அவையள் துடிக்கட்டும்."

"அவை பெருசாத் துடிக்கேல்லை. இவற்ற ஆக்கள்தான் பாவம். சாமான் எல்லாம் துறைமுகத்தில கிடந்து பழுதாப் போச்சு. சனம் கனடாப் பக்கத்தால கள்ளமாக் கடத்தினது."

கணவருக்குப் புரையேறியது. மகள் சிரித்தாள். "அப்பா, நீங்களே சொல்லுங்கோவன்."

எனக்குத் தெரியாமல் அவர் தினமும் என் கறிவேப்பிலையைக் கிள்ளி வேலிக்கு மேலால் கொடுத்து, கராஜில் நின்று இட்லி சாப்பிட்டிருக்கிறார்!

"வேற என்ன செய்யிறது? மூண்டு கிழமையா நாங்களே உன்ர குழம்பைத் தின்னுறம்," என்றார்.

"அந்த மனிசன் பிறகு என்ன செய்தவர்?" என்று மகளைக் கேட்டேன்.

"பதவி முடியக் கொஞ்ச நாள் இருக்கேக்க அவரே சைன் பண்ணித் தடையை எடுத்தவர்."

என் பதவி எப்போது முடிவது, நான் எப்போது தடையை எடுப்பது? பெட்டியில் குழம்பை ஊற்றிக்கொண்டு போனேன்.

"வாங்கக்கா! எங்க ஆளையே காணோம்?" என்றாள்.

"பெட்டி வெறுமையா வந்தது," என்றேன், நிலத்தைப் பார்த்தபடி.

"ஐயோ! கை வலிக்குதுன்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க? நான் எதையாவது வச்சுக் குடுத்தா உடனே திரும்பச் சமைப்பீங்க. ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான் விட்டேன். கோவமாக்கா? தினமும் அண்ணன்கிட்ட கறிவேப்பிலை குடுத்து விட்டீங்களே!"

நான் தடை போட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் மழை. மகள் பள்ளிக்கூடத்தில் பேசினாள். மத்தியானம் பெட்டி தக்காளிச் சட்னியோடு திரும்பி வந்தது.