வெறும் இரும்பாக விட்ட இடம்

அப்பா இறந்து எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவன்று, அவருக்குப் பிடித்த பலகாரங்களோடு அவருடைய கார்த் திறப்பையும் படையலில் வைக்கச் சொன்னார் அம்மா. அதை எடுத்துவந்து வைத்த கணத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அம்மாவைக் கீரிமலைக்கு அப்பாவின் ஒஸ்ரின் காரிலேயே கூட்டிச் செல்லவேண்டும்.

அண்ணை ஏற்கெனவே வாடகை வானுக்குச் சொல்லியிருந்தார். "உந்தத் தகரத்தை நம்பினால் ஐயர் அங்கை தர்ப்பையோடை இருப்பார், நீ நடுவழியிலை பொனற்றைத் திறந்துவைச்சுக்கொண்டு நிப்பாய்" என்றார். அவர் பயந்ததில் பிழையில்லை. அப்பா ஆசுபத்திரியில் கிடந்த ஐந்து கிழமையும் கார் கொட்டிலில் அசையாமல் நின்றது.

அப்பா உரும்பிராயில் தோட்டம் செய்த குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். படிப்பு இடையில் நின்றுபோக, இந்த ஒஸ்ரினைப் பழையதாக வாங்கி மருதனார்மடச் சந்தியில் கயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடினார். போரால் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினார். எஞ்சின் பிடிப்பதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதை விட்டுவைக்கும் சின்னக் குவளையாகப் பொனற்றுக்குள் ஒரு தகரப் பேணியைப் பூட்டியிருந்தார். அண்ணை பிறந்த அன்று பேணியின் குழாய் அடைத்து ஆசுபத்திரிக்குப் போகும் வழியில் கார் நின்றுவிட்டது. அப்பா திறப்பைத் திருப்ப, வயிற்று வலியோடு அம்மாவே இறங்கிநின்று போத்தலிலிருந்து பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித்துளியாக விட்டாராம். அதன்பின் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் எவரிடமும் அப்பா கூலி வாங்கியதில்லை.

நான் பொனற்றுக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம்பிடித்துவிட்டுக் கழற்றினேன். துருப்பிடித்தவற்றை வினாகிரியில் ஊறவைத்தேன். காபரேற்றரை மண்ணெண்ணெயில் கழுவினேன். ஹோர்ன், பற்றறித் தட்டு எல்லாவற்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். இணையத்தில் பார்த்த இதே வகைக் கார்களில் தகரப் பேணி இல்லை. அதை எடுத்து ஒதுக்கிவிட்டேன். எல்லாம் பளபளத்தன. திறப்பைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒன்றரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பேணி எங்கை?"

"வடிவில்லையெண்டு கழட்டிப்போட்டன்."

"அது பூட்டியிருந்த இடத்துக்கும் பெயின்ற் அடிச்சனீயோ?"

"ஓம்."

"அதிலை மட்டும் அப்பா ஒண்டும் பூசவிடார். நவராத்திரிக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போனாலும் கையைத் தட்டிவிடுவார். அது வெறும் இரும்பாக் கிடக்கட்டும் எண்டுவார்."

அப்போதுதான் விளங்கியது. பேணியைத் தாங்கிய அதே ஆணிதான் பற்றறியின் எர்த் வயரையும் காரின் உடலோடு பிடித்திருந்தது. என் பெயின்றின் மேல் வயரைப் பூட்டினால் மின்சாரம் எப்படிப் போகும்? பெயின்றை இரும்பு தெரியச் சுரண்டினேன். பேணியையும் பழையபடி பூட்டினேன். எஞ்சின் இருமி, பிறகு பிடித்தது.

"கம்பஸிலை இது படிப்பிக்கேல்லையே?" என்று என் பல்கலைக்கழகப் படிப்பைக் குத்திக்காட்டினார் அம்மா. ஒரு மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆசுபத்திரியில் அப்பாவுக்கு அருகில் மாறிமாறி நின்ற அயலவருக்கும், அவரைத் தோளில் சுமந்த சந்திக் கார்க்காரருக்கும், அடுப்படியைப் பொறுப்பெடுத்த சித்திக்கும், வானை இன்னும் வேண்டாமென்று சொல்லாத அண்ணைக்கும் எங்கள் நன்றி உரியது. அப்பாவின் நினைவு மலருக்கான இக்கட்டுரையை இன்றே அச்சகத்தில் கொடுக்கவேண்டும். அந்தியேட்டியன்று இதை நீங்கள் வாசிக்கும்போது முற்றத்தில் நிற்பது காரா வானா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. சூடான எஞ்சினை நிறுத்தினால் மறுபடி பிடிக்கச் சிலவேளை மறுக்கிறது. நேற்று இரண்டு தரம் பிடித்தது, ஒரு தரம் பிடிக்கவில்லை. கீரிமலையில் கிரியை முடியும்வரை நிறுத்தித்தானே ஆகவேண்டும்?

நாளைக் காலை மருதனார்மடச் சந்திக்கு ஓட்டிப்போய், அப்பா வழமையாக விடும் இடத்தில் எஞ்சினை நிறுத்தி, கால்மணி நேரம் பொறுத்து, திறப்பைத் திருப்பிப் பார்க்கப்போகிறேன். அம்மாவும் வருகிறார். மடியில் பெற்றோல் போத்தலோடு.