ஏழுமலை மேஸ்திரிக்கு நான் படித்துச் சொன்ன படங்கள்

மேஸ்திரியோடு பழகிய நண்பர்களுக்கு,

இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேச எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள். வரிசை குழம்பிவிடும் என்பதால் சொல்ல வேண்டியதை முதலில் குறித்துக்கொண்டேன்.

1. செய்தி வந்த விதம்.
2. உப்பளத்தில் அவர் எப்படிப்பட்ட மேஸ்திரி என்பது.
3. நாங்கள் சேர்ந்து பார்த்த படங்களும், அவற்றில் நான் சொன்ன பொய்யும்.
4. அந்தப் பொய்யால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. யாருக்கும் கெடுதல் வரவில்லை என்பது.

கார்த்திகை மாதம், காலையிலிருந்தே மழை. அன்று மதியம் மேஸ்திரி வீட்டில் போட வேண்டிய படத்தை நான் முன்கூட்டியே தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கஸ்தூரி அம்மா போன் செய்தார். "அண்ணா, வாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. படத்தை நிறுத்திவிட்டுக் குடையை எடுத்தேன்.

உப்பளத்தில் அவரை நான் அதிகம் பார்த்ததில்லை. மரக்காணம் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு அங்கே என்ன வேலை? ஒரு நாள் மட்டும், திருப்பித் தராத ஒரு புத்தகத்தைக் கேட்கப் போயிருந்தேன். வடக்கே மேகம் கட்டியிருந்தது; மழை இறங்கினால் அந்த வருட உப்பு வேலை அத்தோடு சரி. நான்கு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், ஆட்களை அனுப்பிவிடாதே என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி மறைந்ததும் மேஸ்திரி உப்பு வாரும் பெண்களைக் கூப்பிட்டார். "இன்னியோட முடிஞ்சிது. நாளைக்கி வராதீங்க. பிரம்மதேசம் பக்கம் நடவு இருக்குதாம், போய் கேளுங்க" என்றார். முதலாளி திட்ட மாட்டாரா என்று கேட்டேன். "திட்டுவாரு. அதுக்காக அவங்கள உக்கார வெச்சா அந்த வேலயும் போயிடும்ல?" என்றார்.

அத்தனை வருடம் உப்பின் வெளிச்சத்தைப் பார்த்ததில் அவர் கண் கெட்டுப்போயிற்று. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வெளிநாட்டுப் படங்கள் மேல் ஆசை வந்தது. நான் பென் டிரைவில் கொண்டுபோவேன். திரைக்குக் கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்து, தமிழில் அவருக்குச் சொல்வேன். அடுப்படியிலிருந்து கஸ்தூரி அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பார். பல வருடம் இப்படி நடந்தது.

இந்த ஆவணியில் அவருக்கு வயிற்று வலி வந்தது. ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னையும் புதுச்சேரிக்கு அழைத்துப்போனார்கள். கணையத்தில் புற்றுநோய், மூன்று மாதம் என்று டாக்டர் என்னிடமும் கஸ்தூரி அம்மாவிடமும் வராந்தாவில் சொன்னார். கஸ்தூரி அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவர்கிட்ட குடல் புண்ணுன்னு சொல்லிடுங்க அண்ணா. உங்க வாயால சொன்னா நம்புவாரு." நான் சொன்னேன். அவர் சரி என்றார்.

அடுத்த வாரமே கேட்டார். "ஏம்பா லைப்ரரி, சீக்காளி படமா கொண்டாயேன். சாவப்போறவன் வீட்ல இன்னா பேசிக்கறாங்கன்னு பாக்கணும்."

மறுக்க எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட படங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாதக் கணக்கு சொல்கிறார். நான் ஒவ்வொன்றையும் முதல் நாளே பார்த்து, எந்த இடத்தில் எதை மாற்றிச் சொல்வது என்று எழுதிக்கொள்வேன். மூன்று மாதம் என்றால் "மருந்து சாப்பிட்டா சரியாயிடும்" என்று படிப்பேன்.

ஒரு கப்பல் சமையல்காரரின் படம். அவருக்கும் கணையம்தான். முடிவில் மழையில் அடக்கம்.

"ஏம்பா, எல்லாரும் கறுப்பு கோட்டு போட்டுக்கினு நிக்கறாங்களே, இன்னா விசேஷம்?"

"கல்யாணம், மேஸ்திரி. நோய் சரியாகி, கல்யாணம் பண்ணிக்கிறார்."

"மழையிலயா? பொண்ணு எங்க?"

"உள்ளே இருக்கு."

"பொட்டிக்குள்ளயா?"

அடுத்த வரியை அவசரமாகப் படித்தேன். அவர் சிரித்தார். சிரித்ததில் வலி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பயந்தா நீ வேகமா படிக்கற, லைப்ரரி" என்றார். அடுப்படியிலிருந்து கஸ்தூரி அம்மா கேட்டார்: "அப்ப அவரு பொழச்சிக்கினாரா அண்ணா? இன்னா மருந்து குடுத்தாங்க?" மேஸ்திரியின் தைரியத்துக்காக அந்த அம்மா நடிக்கிறார் என்று நினைத்தேன். "புது மருந்தும்மா, தினம் ஒரு ஊசி" என்றேன்.

மேஸ்திரி ஒவ்வொரு படத்திலும் ஒன்று கேட்பார்: "பையன் எப்ப வர்றான்?" அவர் மகன் குமார் கத்தாரில் இருக்கிறான். ஐப்பசியில் ஒரு மதியம் கேட்டுவிட்டு, "நம்ம பையனும் ஒரு தபா வந்துட்டுப் போலாம்" என்று மெதுவாகச் சொன்னார். நான் கஸ்தூரி அம்மாவிடம் சொன்னேன். "பொங்கலுக்கு லீவு போட்டிருக்கான் அண்ணா. அதுக்குள்ள இவரு எழுந்து உக்காந்துடுவாரு" என்றார். மேஸ்திரி காதில் விழட்டும் என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவ்வளவுதான்.

கடைசிப் பத்து நாள் அவருக்குப் பேச்சில்லை. அவர் இறந்த மறுநாள் சாயங்காலம் குமார் வந்து குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.

மேலே உள்ள நான்கு குறிப்புகளையும் எழுதிவிட்டு, நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். காரியம் முடிந்திருந்தது. மேஸ்திரியின் பிறந்த ஊரைக் கேட்டு எழுதிக்கொள்ள நினைத்தேன். கஸ்தூரி அம்மா வேறொன்றைக் கேட்டார்.

"அண்ணா, அந்தக் கப்பல் சமையல்காரருக்குக் குடுத்த ஊசி, நம்ம பாண்டி டாக்டருக்குத் தெரியாமப் போச்சா? நான் ரெண்டு தடவ கேட்டேன். அப்படி ஒண்ணு இல்லம்மான்னுட்டாரு."

"அம்மா, அது படம்..."

"படம்தான். ஆனா நீங்க எழுத்துல இருந்தத தான படிச்சீங்க? அத நம்பித்தான் குமார தை மாசம் வாடான்னு சொன்னேன்."

குமார் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். அந்தக் கப்பல் படம் உள்ள பென் டிரைவ் அந்த வீட்டு டிவியில்தான் இருக்கிறது. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மேஸ்திரிக்கு உண்மை தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, படம் ஓடும்போது மணிக்கட்டில் இருந்த அவருடைய பிடி மட்டும். கஸ்தூரி அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

நான்காவது குறிப்பு தவறு. அந்த ஊசியை நான் சொல்லாதிருந்தால் குமார் ஐப்பசியிலேயே வந்திருப்பான். அப்போது அவர் பேசிக்கொண்டிருந்தார்.